துரோகி என்று யாரைச் சொல்கிறீர்கள்?

ஜனவரி பிறந்தால் எனக்கும் என் நண்பனுக்கும் ஒரு சண்டை நிச்சயம். புத்தாண்டு வாழ்த்து வந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, அடுத்த செய்தி வந்து விழும். "பாத்தியாடா? அவனும் போயிட்டான். காசுன்னு வந்துட்டா எல்லாரும் ஒண்ணுதான்." கூடவே ஒரு வீடியோ. டிசம்பர் வரை ஒரு கம்பெனி சைக்கிளில் மலையிறங்கிக்கொண்டிருந்த வீரர், ஜனவரி முதல் தேதி காலையில் வேறொரு கம்பெனியின் சைக்கிளில் காட்டுக்குள் பறந்துகொண்டிருப்பார். பின்னணியில் மெதுவான இசை. கடைசியில் புது லோகோ.

நண்பனுக்குச் சென்னையில் மென்பொருள் வேலை. ஒன்பது வருஷத்தில் நாலாவது கம்பெனி. ஒவ்வொரு தடவை மாறும்போதும் எத்தனை சதவீதம் 'ஹைக்' கிடைத்தது என்று முதலில் என்னிடம்தான் சொல்வான். 'ட்ரீட் எப்போ' என்று கேட்டிருக்கிறேனே தவிர, ஒரு தடவைகூட 'துரோகி' என்று சொன்னதில்லை. தன் வேலையில் அவனுக்கு இயல்பாக இருக்கிற உரிமை, மண்டை உடையும் அபாயத்தோடு வேலை பார்க்கிற இன்னொருவனுக்கு மட்டும் ஏன் பாவமாகிவிடுகிறது? இந்தக் கட்டுரை அவனுக்கான பதில். அவனைப் போலப் பேசுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

டவுன்ஹில் பந்தயம் பார்த்திராதவர்களுக்காக நாலு வரி. மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை, பாறையும் வேரும் சேறும் பள்ளமும் நிறைந்த ஒரு தடம். வீரர்கள் ஒவ்வொருவராக இறங்குவார்கள். எதிராளி கடிகாரம்தான். பெரும்பாலான தடங்களில் மூன்று, நான்கு நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் தடம் ஐந்நூறு மீட்டருக்கும் மேல் கீழிறங்குகிறது. முன்னும் பின்னும் இருபது சென்டிமீட்டர் அமுங்கி எழும் சஸ்பென்ஷன், முகத்தை முழுக்க மூடும் ஹெல்மெட், தடித்த டயர்கள். வெற்றிக்கும் மூன்றாம் இடத்துக்கும் நடுவில் பல நேரம் ஒரு விநாடிகூட இருக்காது. எலும்பு முறியாமல் பத்து வருஷம் இதில் ஓடியவர் என்று யாரையும் சொல்லிவிட முடியாது.

இந்த விளையாட்டில் ஸ்பான்சர் என்பவர் சட்டையில் இருக்கும் ஒரு பெயர் மட்டும் இல்லை. கிரிக்கெட்டில் பேட் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் ஒன்றாகவும், பேட்டைச் செதுக்கிய கை வேறாகவும் இருக்கலாம். கால்பந்தில் சட்டை விளம்பரம் மாறினால் பந்து மாறுவதில்லை. டவுன்ஹில்லில் சம்பளம் கொடுப்பவர்தான் கருவியையும் கொடுக்கிறார். ஸ்பான்சர் மாறினால் ஃபிரேமின் நீளம், ஹேண்டில்பாரின் உயரம், பின்சக்கரம் பாறையில் மோதும்போது உதைக்கும் விதம், பிரேக் பிடித்தால் வண்டி உட்காரும் விதம் எல்லாமே மாறும். வருஷக்கணக்கில் உடம்பு பழகிய ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, நாலைந்து மாதத்துக்குள் இன்னொன்றைப் பழக வேண்டும். பழகாமல் போனால் விநாடிகள் போகும். அதிகம் போனால் தோள்பட்டை எலும்பும் போகும்.

அப்படியானால் ஒரு வீரர் ஏன் மாறுகிறார்? கேட்க வேண்டிய கேள்வி இதுதான். நண்பன் கேட்பதில்லை. அவனிடம் பதில் தயாராக இருக்கிறது: பேராசை.

என் பதில் வேறு. இந்த விளையாட்டில் ஒரு தொழிலாளிக்குக் கையில் இருக்கும் ஒரே பேரம், கிளம்பிப் போகும் உரிமைதான். சாலை சைக்கிள் பந்தயத்தில் முதல்நிலை அணிகளின் வீரர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். வீரர்களின் சங்கமும் அணிகளும் உட்கார்ந்து பேசி எட்டிய கோடு அது. மலையிறக்கத்தில் அதற்கு நிகரான கோடு கிடையாது. யார் எவ்வளவு வாங்குகிறார் என்பது வெளியே வருவதில்லை. உலகக் கோப்பையின் ஒரு சுற்றை வென்றால் கிடைக்கும் பரிசு சில ஆயிரம் யூரோ. அதை நம்பி ஒரு வருஷம் குடும்பம் நடத்த முடியாது. மிச்சமெல்லாம் ஒப்பந்தம்தான். ஒப்பந்தம் ஒரு வருஷம், இரண்டு வருஷம், மிஞ்சினால் மூன்று. டிசம்பர் 31 நள்ளிரவில் அது முடியும்போது, வீரருக்குத் தன் விலையைத் தானே பேசும் ஒரு சின்னச் சந்து திறக்கிறது. அந்தச் சந்தில் நுழைந்தவரைத்தான் துரோகி என்கிறோம்.

*

விசுவாசம் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். விசுவாசம் இருபக்கமும் இருந்தால்தான் அதற்கு அந்தப் பெயர். ஒருபக்கம் மட்டும் இருந்தால் அது அடிமைச் சாசனம். கம்பெனிகளின் பக்கம் எப்படி இருந்திருக்கிறது என்று பார்க்கலாம்.

தென்னாப்பிரிக்காவின் கிரெக் மினார் 2004 முதல் 2007 வரை ஹோண்டாவுக்கு ஓடினார். மோட்டார் சைக்கிள் செய்யும் அதே ஹோண்டாதான். ஃபிரேமுக்குள்ளேயே கியர்களை ஒளித்துவைத்த ஒரு விநோதமான டவுன்ஹில் சைக்கிளைச் செய்தார்கள். ஆர்என்01 என்று பெயர். அதை மினார் ஓட்டி 2005-இல் உலகக் கோப்பையின் ஒட்டுமொத்தப் பட்டத்தை வென்றார். அந்த வண்டி கடைசிவரை விற்பனைக்கு வரவே இல்லை. ஹோண்டாவுக்கு அது ஒரு பரிசோதனை. 2007 முடிந்ததும் கடையைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்கள். 'ஹோண்டா துரோகி' என்று எழுதியவர்களை நான் பார்த்ததில்லை. கம்பெனி போனால் அது வியாபார முடிவு. வீரர் போனால் அது குணக்கேடு. ரொம்ப நல்ல கணக்கு!

அடுத்தது ஆஸ்திரேலியாவின் சாம் ஹில். அயர்ன் ஹார்ஸ் கம்பெனியின் 'சண்டே' சைக்கிளில் 2006, 2007 இரண்டு வருஷமும் உலகச் சாம்பியன். அந்தப் பெயரையும் அந்த வண்டியையும் ரசிகர்களால் பிரித்துப் பார்க்க முடியாமல் இருந்தது. 2009 சீசனுக்கு அவர் ஸ்பெஷலைஸ்ட் கம்பெனிக்கு மாறினார். ரசிகர்களுக்கு மனசு ஆறவில்லை. அதே 2009-இல் அயர்ன் ஹார்ஸ் திவாலானது. விசுவாசமாக அங்கேயே இருந்திருந்தால் ஹில்லுக்கு என்ன மிஞ்சியிருக்கும்? கடன்காரர்கள் வரிசையில் ஒரு இடம். மாறிப்போன வருஷமே அவர் ஒட்டுமொத்தப் பட்டத்தை வென்றார், அடுத்த வருஷம் மறுபடி உலகச் சாம்பியன் ஆனார். பிற்பாடு நியூக்ப்ரூஃப் என்ற பிராண்டோடு நீண்ட காலம் இருந்து, எண்டியூரோ என்ற நெடுந்தடப் பந்தயத்தில் 2017, 2018, 2019 என மூன்று உலகத் தொடர்களை அந்த வண்டியில் வென்று கொடுத்தார். 2023 கடைசியில் அந்த பிராண்டின் தாய் நிறுவனமும் திவாலாகிவிட்டது. ஒரே மனிதர், இரண்டு திவால். அவருடைய கால்கள் சோர்ந்ததால் வந்த திவால் அல்ல இரண்டும்.

இதெல்லாம் பழைய கதை என்று தள்ள முடியாது. கொரோனா நாட்களில் உலகம் முழுக்க சைக்கிள் விற்பனை எகிறியது. கம்பெனிகள் கண்ணை மூடிக்கொண்டு ஆர்டர் போட்டன. கூட்டம் வடிந்ததும் கிடங்குகளில் வண்டிகள் மலையாகக் குவிந்தன. தள்ளுபடி விலையில் தள்ளிவிட வேண்டியதாயிற்று. அந்த மாதிரி நேரத்தில் ஒரு நிர்வாகியின் பேனா முதலில் எங்கே போகும்? பந்தய அணிக்கான செலவுக்குத்தான். 1970-களின் பி.எம்.எக்ஸ். காலத்திலிருந்து வரும் ஜிடி என்ற பிராண்ட், புது வண்டிகளை நிறுத்திவிட்டு இருப்பை விற்றுத் தீர்க்கப் போவதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. ஜெர்மனியின் ஒய்டி கம்பெனி 2025 ஜூலையில் திவால் நடைமுறைக்குள் போனது. அதன் சைக்கிளில் ஓடிக்கொண்டிருந்தவர் ஆஸ்திரியாவின் வாலி ஹோல், நடப்பு உலகச் சாம்பியன். தனக்குச் சம்பளம் கொடுக்கும் கம்பெனி வக்கீல்களின் மேசைமேல் கிடந்த அந்த செப்டம்பரில், சுவிட்சர்லாந்தின் ஷாம்பெரியில் அதே கம்பெனியின் வண்டியில் ஏறித் தொடர்ந்து நாலாவது முறையாக உலகப் பட்டத்தை வென்றார் அவர். அதற்குமேல் ஒரு மனிதப் பிறவி எப்படி விசுவாசம் காட்டுவது? சொல்லுங்கள்.

இத்தனை பார்த்த பிறகும் ஒரு வீரர் தன் ஒப்பந்தம் முடியும் நாளில் நாலு இடத்தில் விசாரிக்கவில்லை என்றால், அவரைப் புத்திசாலி என்று நான் சொல்ல மாட்டேன்.

*

நண்பனின் கையில் ஒரு துருப்புச்சீட்டு உண்டு. ஆரன் க்வின். சண்டை எப்போதும் அங்கே வந்துதான் நிற்கும்.

க்வின் அமெரிக்கர். ட்ரெக் சைக்கிளில் 2011, 2012 இரண்டு வருஷமும் ஒட்டுமொத்தப் பட்டம். யாராலும் தொட முடியாத உயரம். 2012 முடிந்ததும் ஸ்பெஷலைஸ்ட் பக்கம் போனார். 2013-இல் உலகக் கோப்பையில் ஒரு சுற்றைக்கூட வெல்லவில்லை. "பாரு, காசுக்குப் போனான், கடவுள் கண்ணத் தொறந்துட்டான்" என்பது நண்பனின் வியாக்கியானம்.

சரி, கதையை அங்கேயே நிறுத்த வேண்டாம். 2015 ஜூன், ஆஸ்திரியாவின் லியோகாங். க்வின் தொடக்க மேடையிலிருந்து இறங்கிய கையோடு செயின் அறுந்துபோனது. மிதிக்க வழியில்லை. குனிந்துகொண்டு, பிரேக்கைத் தொடுவதைக் குறைத்து, வளைவுகளிலும் மேடுகளிலும் உடம்பை அழுத்தி வேகத்தைச் சேர்த்துக்கொண்டே இறங்கினார். செயினே இல்லாமல் அந்தப் பந்தயத்தை வென்றார். அந்த வருஷம் ஒட்டுமொத்தப் பட்டமும் அவருக்கே. பிறகு அவர் மாறியது ஒய்டிக்கு. கடைகள் வழியாக விற்காமல் இணையத்தில் நேராக வாடிக்கையாளருக்கு விற்கும் கம்பெனி. 'தபாலில் வரும் சைக்கிள்' என்று கிண்டல் செய்தார்கள். 2016 ஏப்ரலில் பிரான்ஸின் லூர்தில் முதல் சுற்றிலேயே ஜெயித்தார். 2016, 2017 இரண்டு வருஷமும் ஒட்டுமொத்தப் பட்டம். இப்போது கடவுள் எந்தக் கண்ணைத் திறந்தார்?

2019-இல் இன்டென்ஸ் கம்பெனிக்குப் போனார். அங்கே ஓடிய வருஷங்களில் உலகக் கோப்பைச் சுற்று எதையும் வெல்லவில்லை. இதை நான் மறைக்கவில்லை. மாறினால் ஜெயிக்கலாம், தோற்கவும் செய்யலாம். மூன்று தடவை மாறியவருக்கு ஒன்று மெதுவாகக் கைகூடியது, ஒன்று முதல் நாளே கைகூடியது, ஒன்று கைகூடவே இல்லை. ஆனால் மூன்று தடவையும் நஷ்டத்தைத் தாங்கியது யார்? தோற்ற வருஷத்தில் கேலிக்கு ஆளானது அவர் பெயர். அடிபட்டது அவர் உடம்பு. பேரம் தப்பாகப் போனால் விலை கொடுக்கப் போகிறவனுக்கே பேரம் பேசும் உரிமை. எங்கள் ஊர்ச் சந்தையில் மாட்டுத் தரகருக்கும் தெரிந்த நியாயம் இது.

லியோகாங் இன்னொன்றையும் சொல்கிறது. 'எங்கள் வண்டிதான் ஜெயித்தது' என்று சீசன் முழுக்க விளம்பரம் வருகிறது. வண்டியின் ஒரு முக்கியமான பாகம் பாதையில் அறுந்து கிடக்கும்போதும் ஜெயிக்க முடிந்தால், ஜெயித்தது எது? வண்டி முக்கியமே இல்லை என்று சொல்ல வரவில்லை. முக்கியம்தான். முக்கியம் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஓட்டுகிறவரிடம் இருக்க வேண்டும் என்கிறேன்.

பிரான்ஸின் லோயிக் ப்ரூனி இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டவர். 2015-இல் லாப்பியேர் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் வண்டியில் உலகச் சாம்பியன் ஆனார். பிரெஞ்சுக்காரர், பிரெஞ்சு வண்டி, வானவில் பட்டைச் சட்டை. தேசமே கண் கலங்கும் படம். சில மாதங்களில் அமெரிக்க ஸ்பெஷலைஸ்டுக்குப் போய்விட்டார். ஆனால் தனியாகப் போகவில்லை. அணி மேலாளரும் மெக்கானிக்கும் அவரோடு போனார்கள். உலோகத்தை விட்டுவிட்டு மனிதர்களைக் கூட்டிக்கொண்டு போனார். 2017, 2018, 2019, 2022 என மேலும் நாலு உலகப் பட்டங்கள் வந்தன. அவர் யாருக்கு விசுவாசமாக இருந்தார் என்று யோசித்துப் பாருங்கள். இரவு இரண்டு மணிக்கு உட்கார்ந்து சஸ்பென்ஷனைப் பிரித்துச் சேர்க்கிற ஆளுக்கு. அது விசுவாசம் இல்லையென்றால் வேறு எது?

*

எதிர்வாதத்தின் வலுவான பக்கத்தையும் வைத்துவிடுகிறேன். நண்பன் விவரம் தெரிந்தவன். "அப்ப மினார்? பதினாறு வருஷம் ஒரே இடத்துல இருந்தாரே, அவருக்கு மட்டும் காசு கசந்துதா?" என்பான்.

ஹோண்டா கைவிட்ட மினார் 2008-இல் சான்டா க்ரூஸ் சின்டிகேட் அணிக்கு வந்தார். வந்த வருஷமே ஒட்டுமொத்தப் பட்டம். 2012-இல் உலகச் சாம்பியன். 2013-இல் தன் சொந்த ஊரான பீட்டர்மாரிட்ஸ்பர்கில், நம் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்களே அதே ஊரில், பின் டயர் காற்று இறங்கிய நிலையில் எல்லைக்கோட்டைக் கடந்து மறுபடி உலகச் சாம்பியன். 2021-இல் முப்பத்தொன்பது வயதில், இத்தாலியின் வால் டி சோலேயில் இன்னொரு தடவை. அழகான கதை. எனக்கும் பிடித்த கதை.

ஆனால் அந்தக் கதையை முழுசாகச் சொல்ல வேண்டும். 2013-க்கும் 2021-க்கும் நடுவில் எட்டு வருஷம். காயங்கள் வந்தன, இளையவர்கள் வந்தார்கள், 'இவர் காலம் முடிந்தது' என்ற பேச்சு வந்தது. அந்த எட்டு வருஷமும் அணி அவரை வைத்திருந்தது. மினாரின் விசுவாசத்தைப் புகழ்கிறவர்கள் அந்த விசுவாசத்தை யார், எப்படிச் சம்பாதித்தார்கள் என்பதை விட்டுவிடுகிறார்கள். வயதானவரை விலக்காத அணிக்கு அவரும் விலகாமல் பதில் சொன்னார். கடைசியில் அவரும் மாறினார் என்பதையும் மறக்க வேண்டாம். 2024-இல், நாற்பத்திரண்டு வயதில், நார்கோவுக்குப் போனார். அப்போது அவரைத் துரோகி என்று சொல்ல நண்பனுக்கே வாய் வரவில்லை. "வயசாயிடுச்சு, பாவம்" என்றான். அப்படியானால் உரிமை என்பது வயசான பிறகுதான் வருமா?

இன்னொரு எதிர்வாதமும் உண்டு. ரசிகருக்கு ஒரு கதை வேண்டும், ஒரு நிறம் வேண்டும், தன் சேமிப்பைப் போட்டு அதே பிராண்ட் சைக்கிளை வாங்கியவருக்கு ஏமாற்றமாக இருக்காதா என்பார்கள். இருக்கும். நியாயமான வருத்தம்தான். ஆனால் அந்த ஏமாற்றத்துக்கான ரசீதில் யார் பெயர் இருக்கிறது? 'இவர் ஜெயிக்கிறார், ஆகவே இதை வாங்கு' என்று விற்றது கம்பெனி. வீரரை ஒரு வருஷத்துக்கு வாடகைக்கு எடுத்து, ஆயுசுக்கும் சொந்தம்போலக் காட்டியது கம்பெனி. கோபத்தை அந்த விலாசத்துக்கு அனுப்ப வேண்டும்.

*

எனக்கும் ஒரு கோபம் உண்டு. அது அந்த ஜனவரி வீடியோ மேல். அதில் வீரர்கள் சொல்வது கிட்டத்தட்ட ஒரே வசனம்: இதுவரை ஓட்டியதிலேயே இதுதான் சிறந்த வண்டி, ஏறிய முதல் நாளே வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. இரண்டு வருஷம் முன்னால் இதே வசனத்தை வேறொரு வண்டிக்கும் சொல்லியிருப்பார்கள். உடம்பை வாடகைக்குக் கொடுப்பது தொழில். நாக்கையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்வதுதான் எனக்கு ஒப்பவில்லை. "பணம் நல்லா கொடுத்தாங்க, மூணு வருஷ ஒப்பந்தம், அடிபட்டாலும் சம்பளம் வரும், வண்டியும் பரவாயில்லை, பழகிக்குவேன்" என்று ஒருத்தர் சொல்லட்டும். அவருக்கு நான் முதல் ரசிகன்.

இந்த விளையாட்டிலும் உண்மை எங்கோ ஒரு ஓரத்தில் கசிந்துகொண்டுதான் இருக்கிறது. ஃபிரேமை மறைக்க முடியாது, அதன் வடிவமே பெயர் சொல்லிவிடும். டயரை மறைக்கலாம். மழை பெய்து தடம் சேறானால், ஸ்பான்சர் கொடுத்த டயரை நம்பாத வீரர்கள் வேறு கம்பெனி டயரை மாட்டிக்கொண்டு, அதன் பக்கவாட்டு எழுத்துகளைக் கறுப்பு மார்க்கரால் அழித்துவிடுவது இங்கே பழைய பழக்கம். அந்தக் கறுப்புத் திட்டுகளைத்தான் நான் இந்த விளையாட்டின் நேர்மையான வாக்கியம் என்பேன். உயிர் என்று வரும்போது எதை நம்புகிறார்கள் என்று அது சொல்லிவிடுகிறது.

இந்த நாக்கு வாடகையிலிருந்து தப்பிக்க ஒரு வழியைச் சிலர் கண்டுபிடித்திருக்கிறார்கள். தொண்ணூறுகளில் உலகப் பட்டங்களை அள்ளிய பிரான்ஸின் நிகொலா வூயோ, தன் பழைய கம்பெனியை விட்டு வந்ததும் சொந்த அணியை வைத்துக்கொண்டு, தனக்கென்றே செய்த வண்டியில் ஓடிப் பார்த்தார். இங்கிலாந்தின் ஆதர்டன் குடும்பம் அதைவிடத் தூரம் போனது. டான், ஜீ, ரேச்சல் என்ற மூன்று உடன்பிறப்புகள். கொமென்சால், ஜிடி, ட்ரெக் என்று மூன்று கம்பெனிகளுக்கும் பட்டங்களை வென்று கொடுத்தவர்கள். 2016-இல் ட்ரெக் வண்டியில் ரேச்சல் உலகக் கோப்பையின் ஏழு சுற்றுகளையும் வென்று, உலகச் சாம்பியன் பட்டத்தையும் சேர்த்து வென்றார். அதற்குமேல் வெல்ல எதுவும் பாக்கி இல்லை. 2018-ஓடு அங்கிருந்து கிளம்பினார்கள். 2019 ஜனவரியில் நாலாவது கம்பெனியாக அவர்கள் அறிவித்தது தங்கள் சொந்தப் பெயரை. டைட்டானியத்தை முப்பரிமாண அச்சில் இணைப்புகளாக வார்த்து, அவற்றில் கார்பன் குழாய்களைச் செருகி ஒட்டிச் செய்யும் ஃபிரேம்.

அந்த 2019 ஜூலையிலேயே பிரான்ஸின் லெ ஷேவில் ரேச்சலின் குதிகால் தசைநார் அறுந்தது. 2021-இல் வேல்ஸில் படப்பிடிப்பின்போது ஒரு மலைமுகட்டிலிருந்து விழுந்து ஜீ சாகப் பிழைத்தார். அதே வருஷம் ரேச்சல் தாயானார். சாதாரண ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு வீராங்கனைக்குக் காயமும் பிரசவமும் அடுத்தடுத்து வந்தால் டிசம்பர் 31 அன்று என்ன கடிதம் வரும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. ரேச்சலுக்கு அந்தப் பயம் இல்லை. 2023 ஜூனில், முப்பத்தைந்து வயதில், சுவிட்சர்லாந்தின் லென்சர்ஹைடேவில் திரும்பி வந்து உலகக் கோப்பைச் சுற்றை வென்றார். வண்டியில் எழுதியிருந்தது அவருடைய குடும்பப் பெயர். இரண்டு மாதம் கழித்து ஃபோர்ட் வில்லியமில் அவர்கள் அணியின் சார்லி ஹாட்டன் அதே வண்டியில் உலகச் சாம்பியன் ஆனார்.

'அப்ப எல்லாரும் கம்பெனி ஆரம்பிச்சிட வேண்டியதுதானே' என்பீர்கள். முடியாது. மூன்று உலகத்தரப் பெயர்களும் பல வருஷச் சேமிப்பும் இருக்கிற ஒரு குடும்பத்துக்கு முடிந்தது. நாற்பதாம் இடத்தில் வருகிற பையன், வேனில் படுத்துத் தூங்கிச் சுற்றுக்குச் சுற்று போகிறவன், எதை விற்றுக் கம்பெனி தொடங்குவான்? அவன் கையில் இருப்பது இரண்டு கால், ஒரு கையெழுத்து. கையெழுத்தை எங்கே போடுவது என்பது மட்டும்தான் அவன் சொத்து. மாறுகிறவனைத் துரோகி என்று சொல்லும்போது, முதல் பத்து இடத்தில் இருக்கிற நட்சத்திரத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது. இந்தப் பையனுடைய அந்த ஒரே சொத்தின் விலை குறைகிறது. கம்பெனிக்காரன் சம்பளம் கொடுத்தும் வாங்க முடியாத ஒரு வேலையை நாம் இலவசமாகச் செய்து கொடுக்கிறோம். அவன் பேரம் பேசும் நேரத்தில் அவனை வெட்கப்பட வைக்கிறோம்.

*

என்ன செய்யலாம்? பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஜனவரியில் அடுத்த வீடியோ வரும்போது 'ஏன் போனான்' என்று கேட்பதை விட்டுவிட்டு, வேறு மூன்று கேள்விகளைக் கேட்போம். ஒப்பந்தம் எத்தனை வருஷம்? எலும்பு முறிந்து படுத்தால் சம்பளம் வருமா? கம்பெனி மூழ்கினால் பாக்கியை யார் கொடுப்பார்கள்? இந்த மூன்றையும் ரசிகர்கள் விடாமல் கேட்க ஆரம்பித்தால், பதில் சொல்ல வேண்டிய இடத்துக்குக் கம்பெனிகளும், பந்தயத்தை நடத்துகிறவர்களும், சர்வதேச சைக்கிள் சங்கமும் வந்தே ஆக வேண்டும். 2023 முதல் ஒளிபரப்பு உரிமை கைமாறி, அதுவரை இலவசமாகப் பார்த்ததைக் காசு கொடுத்துப் பார்க்கிறோம். காசு கொடுக்கிறவனுக்குக் கேட்க வாய் இருக்க வேண்டும். சாலைப் பந்தயத்தில் போட்ட கோட்டை மலையிலும் போடச் சொல்லிக் கேட்கலாம்.

போன ஜனவரியில் இதையெல்லாம் நண்பனிடம் போனில் சொன்னேன். பாதியில் குறுக்கே பேசாமல் கேட்டான். அதுவே அதிசயம். கடைசியில், "எல்லாம் சரிடா. ஆனா அவன் அந்த நீல வண்டில இருந்தப்ப எவ்ளோ நல்லா இருந்துச்சு" என்றான்.

இருந்தது. நானும் ஒத்துக்கொள்கிறேன். அந்த வருத்தம் அவனுக்கு இருக்கட்டும், எனக்கும் இருக்கட்டும். வருத்தப்படுவதற்கு நமக்கு உரிமை உண்டு. அதை இன்னொருவனின் கூலியிலிருந்து கழித்துக்கொள்ளத்தான் உரிமை கிடையாது.